பால்மரத்தில் ஒரு சிற்றில்

ஆண்பால் பிள்ளைத்தமிழில் எட்டாவது பருவத்துக்குப் பெயர் சிற்றில். தெருவில் சிறுமிகள் மணலைக் குவித்து வீடு கட்டுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை அதைக் காலால் கலைக்க வருகிறது. கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். ஆண்டாளும் நாச்சியார் திருமொழியில் இந்த முறையீட்டுக்கு ஒரு பதிகத்தையே கொடுத்திருக்கிறாள். குழந்தைகள் விளையாடக் கட்டும் வீட்டுக்குத் தமிழில் இவ்வளவு பழைய சொல் இருக்கிறது. ஆனால் அந்த வீடு மணல் வீடு. மாலை வரைக்கும்தான் அதற்கு ஆயுள்.

நிலைத்து நிற்கிற சிற்றில் யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால் 1932ஆம் வருஷம் கண்ணில் படுகிறது. அந்த வருஷம் இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத்துக்கு ஆறு வயது. வேல்ஸ் மக்கள் பெயரில் அவருக்கு ஒரு விளையாட்டு வீடு பரிசாகக் கொடுக்கப்பட்டது. கூரை வேய்ந்த வீடு, உள்ளே சமையலறை, படுக்கையறை எல்லாம் உண்டு. எல்லாமே அசல் அளவில் ஐந்தில் இரண்டு பங்கு, பெரியவர்கள் குனிந்துதான் நுழைய முடியும். விண்ட்சரில் அந்த வீடு இன்னமும் நிற்கிறது.

அதே காலத்தில் மலாயாவில் என்ன நடந்தது? உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை தரைக்கு வந்துவிட்டது. 1930க்கும் 1932க்கும் இடையில் லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் தோட்டங்களிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டத்துப் பிள்ளைகள் ஆயக்கொட்டகையிலும் லயத்து வாசலிலும் கட்டி விளையாடிய வீடுகள் மட்டுமில்லை, அவர்கள் தூங்கிய வீடும் ஒரு விதத்தில் மணல் வீடுதான்.

இதில் மரத்தின் கதையும் இருக்கிறது. 1877இல் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதன்பின் நூறு வருஷத்துக்கு இந்த மரத்தில் எல்லாரும் பார்த்தது பாலை மட்டும்தான். பால்வெட்டியவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: கத்தி பட்டையில்தான் ஓட வேண்டும், மரத்தைத் தொடக்கூடாது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் வளர்திசுவுக்கு மேலே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழமாகப் போனால் காயம்பட்ட இடம் முண்டு முண்டாக வளர்ந்துவிடும், அப்புறம் அந்தப் பக்கம் வெட்டவே வராது. ஆக, தினமும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டியவர்களின் திறமையே மரத்தைத் தொடாமல் வெட்டுவதுதான்.

பால் வற்றி, 25, 30 வருஷத்தில் மரம் சாய்க்கப்பட்டால் அது விறகு. லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூண்டுக்கும், செங்கல் சூளைக்கும் போனது. 1967இல் பிறையில் உற்பத்தியைத் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பாலையின் ஊதுலை ரப்பர் மரக் கரியில்தான் எரிந்தது. பலகையாக அறுக்க ஏன் யாரும் முயலவில்லை என்றால், காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த மரத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம். சாய்த்த சில நாளிலேயே பூஞ்சணம் பிடித்து நீலக்கறை ஏறிவிடும், பின்னாலேயே துளைவண்டு வரும். மிஞ்சியிருக்கும் பால் வேறு ரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தீர்வு எளிமையானது. சாய்த்த உடனே அறுத்து, அழுத்தக் கலனில் போரான் உப்புக் கரைசலை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் காயவைக்க வேண்டும். கெப்போங் வன ஆய்வுக் கழகம் போன்ற இடங்களின் ஆய்வும் தொழிற்சாலைகளின் அனுபவமும் சேர்ந்து, 1980களில் இது பெரிய தொழிலானது. எங்கள் ஜொகூரின் மூவார் தளவாட நகரமாக வளர்ந்தது இந்த மரத்தால்தான். தாய்லாந்தின் திராங்கில் 1981இல் தொடங்கிய பிளான்டாய்ஸ் நிறுவனம், பால் வற்றிய மரத்திலிருந்து பொம்மைகளும் பொம்மை வீடுகளும் செய்து உலகமெங்கும் விற்கிறது. நம் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியதில் ரப்பர் மரம் அருகிப்போய், 2017 ஜூலையிலிருந்து அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதியையே அரசாங்கம் நிறுத்தியது. அடுப்பெரித்த மரத்துக்குத் தட்டுப்பாடு!

பெக்கான் நானாஸில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அக்கா மகளுக்காக நான் கட்டிய ஆறடிக்கு நாலடி விளையாட்டு வீட்டில் இந்த மரத்தோடு பழகினேன். பொந்தியான் பக்கம் கரிச்சதுப்பு மண் நிறைய, அன்னாசிக்கு அது சொர்க்கம், தூணுக்கு ஆகாது, மெல்ல அமிழும். அதனால் தூண்களைப் புதைக்காமல் சிமெண்டுக் கல்லின் மேல் நிறுத்தினேன். ஒரு மூலை இறங்கினால் கட்டை செருகிச் சமன் செய்துகொள்ளலாம். ரப்பர் மரம் மழைக்குத் தாங்காது. எனவே வெளிச்சட்டத்துக்கு இடித்த வீடொன்றின் பழைய செங்கால் மரம், உள்பலகைக்கும் பெஞ்சுக்கும் ரப்பர் மரம். குழந்தையின் தலை சிக்காமல் இருக்க, கம்பி இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும் அல்லது 23க்கு மேல் போக வேண்டும். விளையாட்டிடப் பாதுகாப்பு விதிகளில் இது முக்கியமானது. விளிம்புகளை உருட்டி, 120, 180, 240 என்று உப்புத்தாள் போட்டு, தண்ணீரில் கரையும் வார்னிஷை மூன்று கை அடித்தேன். 240 தாளுக்குப் பிறகு ரப்பர் மரம் பாலேட்டு நிறத்தில், கன்னம் மாதிரி வழவழப்பாக இருக்கும். ஒரு பலகையில் மட்டும் ரேகைகள் ஒரு முண்டைச் சுற்றி வளைந்து போயின. என்றோ யாருடைய கத்தியோ ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போன இடமாக இருக்கலாம். அதைக் கதவுக்கு வைத்தேன்.

இதையெல்லாம் கட்டப் பலகையும் கருவியும் போதும் என்றுதான் நாம் நினைப்போம். வரலாற்றைப் பார்த்தால் முதலில் வேண்டியது முற்றம். 1950, 60களில் தோட்டத் துண்டாடல் நடந்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் லயத்தை விட்டு இறங்கின. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சந்தா கட்டி, தாங்கள் பால்வெட்டிய நிலத்துக்குத் தாங்களே பங்குதாரர் ஆனார்கள். அதற்குள் வராதவர்கள் எத்தனையோ பேர். பிறகு செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது, பலர் பின்கட்டே இல்லாத அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். அங்கே சிற்றிலுக்கு இடமில்லை, மணலும் இல்லை.

எங்கள் பின்புறம் எங்களுடையதாக இருப்பதற்குக் காரணம் ஒரு சேமநிதிக் கணக்கு. நாட்டில் 1951இல் வந்த அந்தத் திட்டத்தில், தோட்டத்துச் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்த காசைக் கடைசியில் மொத்தமாக எடுத்து, தாத்தா இந்த நிலத்துக்குக் கொடுத்தார். மரத்துக்கும் ஸ்குரூவுக்கும் ஆன செலவை நான் கணக்கெழுதி வைத்திருக்கிறேன். பெரிய செலவு அந்தக் கணக்கில் இல்லை.