ஆக்டேவியா பட்லர்

ஆக்டேவியா எஸ்டெல் பட்லர் (ஜூன் 22, 1947 – பெப்ரவரி 24, 2006) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆவார். வெள்ளையின ஆண்களே பெரும்பாலும் எழுதிவந்த இத்துறையில், எழுத்தையே தொழிலாகக் கொண்டு புகழ் பெற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கப் பெண்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். 12 நாவல்களையும் சில சிறுகதைகளையும் எழுதியுள்ளார். இவரது கதைகளைப் போலவே, வறுமைக்கு நடுவே இவர் கடைப்பிடித்த எழுத்து ஒழுங்கும் பிற்கால எழுத்தாளர்களால் பெரிதும் பேசப்படுகிறது.

இளமைக் காலம்

கலிபோர்னியா மாநிலத்தின் பாசடீனா நகரில் பட்லர் பிறந்தார். தந்தை காலணிகளுக்கு மெருகிடும் தொழில் செய்தவர்; பட்லரின் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். தாய் வசதி படைத்தவர்களின் வீடுகளில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். அவ்வீடுகளுக்குள் அவர் பின்வாசல் வழியாகச் செல்வதைச் சிறுமி பட்லர் கண்டார். அங்கே வேண்டாம் எனக் கழிக்கப்பட்ட நூல்களையும் இதழ்களையும் தாய் மகளுக்காக எடுத்துவருவார்.

பட்லருக்கு எழுத்துகளைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா என்னும் குறைபாடு இருந்தது. உயரமான உடலும் கூச்ச இயல்பும் கொண்ட இவர் பள்ளியில் ஏளனத்துக்கு ஆளானார். பொது நூலகமே இவரது புகலிடமாயிற்று. 10 வயதில் தாயிடம் கேட்டு ஒரு தட்டச்சுப் பொறியைப் பெற்றார். 12 வயதில் செவ்வாயிலிருந்து வரும் பெண்ணைப் பற்றிய 1954 ஆம் ஆண்டுப் பிரித்தானியத் திரைப்படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் கண்டு, இதைவிடச் சிறந்த கதையைத் தன்னால் எழுத முடியும் என எண்ணி எழுதத் தொடங்கினார். கறுப்பினத்தவர் எழுத்தாளராக முடியாது என்று உறவினர் ஒருவர் கூறியபோதும் இவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. 1968 இல் பாசடீனா நகரக் கல்லூரியில் பட்டயம் பெற்றார்.

1970 இல் பென்சில்வேனியாவில் நடைபெற்ற ஆறு வாரக் கிளாரியன் எழுத்துப் பட்டறையில் கலந்துகொண்டார். அதற்கு இவரைத் தூண்டியவர் எழுத்தாளர் ஹார்லன் எலிசன். பட்டறையின்போது இரண்டு கதைகள் விலைபோயின. ஆனால் அதன் பின்னர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இவரது கதை எதுவும் விற்பனையாகவில்லை.

அன்றாட வாழ்வும் எழுத்துமுறையும்

அக்காலத்தில் பட்லர் பாத்திரம் கழுவுதல், தொலைபேசி வழியாகப் பொருள் விற்றல், தொழிற்சாலையில் உருளைக்கிழங்கு வறுவலைச் சோதித்துப் பிரித்தல் போன்ற வேலைகளைச் செய்தார். மனத்துக்கு அதிக உழைப்பைத் தராத வேலைகளையே தேர்ந்தெடுத்தார். எழுத்துக்கான சிந்தனையை அலுவலக வேலை தின்றுவிடும் என்று அஞ்சியதே இதற்குக் காரணம். அதிகாலை 2 மணிக்கு எழுந்து எழுதுவார். பின்னரே வேலைக்குச் செல்வார்.

இவர் வாகனம் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் பேருந்திலேயே பயணம் செய்தார். பேருந்தில் நேரில் கண்ட ஒரு சண்டையே 'ஸ்பீச் சவுண்ட்ஸ்' (1983) என்னும் சிறுகதைக்கு வித்திட்டது. பேச்சும் வாசிப்பும் அழிந்துபோன உலகை அது சித்தரிக்கிறது.

எழுத்தாளருக்கு அகத்தூண்டுதலைவிடப் பழக்கமே நம்பத்தக்கது என்பது பட்லரின் கருத்து. நாள்தோறும் எழுதுதல், எழுதியதைத் திருத்துதல், திருப்பி அனுப்பப்பட்டாலும் மீண்டும் அனுப்புதல் ஆகியவற்றைத் தமது கட்டுரைகளில் வலியுறுத்தியுள்ளார். தமக்கே ஊக்கமூட்டும் வாசகங்களைக் குறிப்பேடுகளில் எழுதிவைப்பதும் இவரது வழக்கம். 1988 ஆம் ஆண்டைச் சேர்ந்த குறிப்பொன்றில், தம் நூல்கள் விற்பனைப் பட்டியலில் இடம்பெறும் என்றும், ஏழைக் கறுப்பின இளைஞர்கள் கிளாரியன் பட்டறைக்குச் செல்லத் தாம் உதவப்போவதாகவும் எழுதியுள்ளார்.

நாவல்கள்

முதல் நாவலான 'பேட்டர்ன்மாஸ்டர்' 1976 இல் வெளியானது. 'கின்ட்ரெட்' (1979) இவரது புகழ்பெற்ற நாவலாகும். 1976 ஆம் ஆண்டில் வாழும் டேனா என்னும் கறுப்பினப் பெண், 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேரிலாந்தில் இருந்த அடிமைப் பண்ணைக்கு மீண்டும் மீண்டும் இழுக்கப்படுகிறாள். டேனாவும் சில்லறை வேலைகள் செய்து பிழைக்கும் எழுத்தாளராகவே படைக்கப்பட்டுள்ளாள்.

முந்தைய தலைமுறைக் கறுப்பினத்தவர் அடங்கிப்போனார்கள் என்று கல்லூரித் தோழர் ஒருவர் இகழ்ந்ததே இந்நாவலுக்கு அடிப்படை. பின்வாசல் வழியே சென்ற தம் தாயை அறிந்திருந்த பட்லர், அந்தப் பொறுமையும் உயிர்பிழைக்கும் துணிவே எனக் காட்ட விரும்பினார். ஆய்வுக்காகப் பேருந்தில் மேரிலாந்து சென்றார். அப்பயணத்துக்குப் பணம் தேவைப்பட்டதால், மேலும் திருத்த வேண்டியிருந்த 'சர்வைவர்' (1978) நாவலை முன்னதாகவே விற்றார். பிற்காலத்தில் அந்நூலை மறுபதிப்புச் செய்ய இவர் இசையவில்லை.

1980களில், வேற்றுக்கோள் உயிரினங்களுடன் மனித இனம் கலப்பதைக் கூறும் 'சீனோஜெனிசிஸ்' வரிசையின் மூன்று நாவல்களை எழுதினார். 'பேரபிள் ஆஃப் தி சோவர்' (1993) 2024 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. தட்பவெப்ப மாற்றம், தீ, வறுமை ஆகியவற்றால் சிதையும் கலிபோர்னியாவில் ஓர் இளம்பெண் புதிய சமூகத்தை உருவாக்க முனைவதை அது விவரிக்கிறது. பாசடீனாவை அடுத்த ஆல்ட்டடீனா 2025 ஜனவரியில் பெருந்தீயால் அழிவுற்றபோது இந்நாவல் மீண்டும் பேசப்பட்டது.

விருதுகள்

'ஸ்பீச் சவுண்ட்ஸ்' 1984 இலும் 'பிளட்சைல்டு' 1985 இலும் ஹியூகோ விருது பெற்றன. 'பிளட்சைல்டு', 'பேரபிள் ஆஃப் தி டேலன்ட்ஸ்' ஆகியவை நெபுலா விருதும் பெற்றன. 1995 இல் 2,95,000 டாலர் மதிப்புள்ள மக்ஆர்தர் நல்கை இவருக்கு வழங்கப்பட்டது. இந்நல்கையைப் பெற்ற முதல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் இவரே. அதன்பின் தாமும் தாயும் வசிக்க ஒரு வீடு வாங்கினார். அடுத்த ஆண்டே தாய் காலமானார்.

இறுதிக் காலமும் தாக்கமும்

1999 இல் பட்லர் வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 'பேரபிள்' வரிசையின் மூன்றாம் நாவலைப் பலமுறை தொடங்கியும் முடிக்க இயலவில்லை. உடல்நலக் குறைவும் மருந்துகளின் விளைவும் எழுத்தைத் தடை செய்தன. இறுதி நாவலான 'ஃபிளெட்ஜ்லிங்' 2005 இல் வெளிவந்தது. 2006 இல் தமது வீட்டுக்கு வெளியே விழுந்து, 58 ஆவது வயதில் காலமானார்.

இவரது கைப்பிரதிகளும் குறிப்பேடுகளும் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1988 ஆம் ஆண்டுக் குறிப்பில் கண்ட விருப்பங்கள் இவரது மறைவுக்குப் பின் நிறைவேறின. வெள்ளையரல்லாத எழுத்தாளர்கள் கிளாரியன் பட்டறைகளில் பயில இவரது பெயரில் உதவித்தொகை நிறுவப்பட்டது. 2020 இல் 'பேரபிள் ஆஃப் தி சோவர்' நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. 2021 இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கிய இடத்துக்கு நாசா இவரது பெயரைச் சூட்டியது.