எச் எழுத்து எடுத்த பிறவிகள்

கணினிப் பார்வை படிக்கும் நம் பிள்ளைகள் பலர் 'கேஎல்டி' என்ற மூன்றெழுத்தில் தடுக்கி விழுவதுண்டு. கனடே, லூக்காஸ், டொமாசி என்ற மூவர் பெயரின் சுருக்கம் அது. வீடியோவில் ஒரு புள்ளி அடுத்த படத்தில் எங்கே போச்சு என்று கண்டுபிடிக்கும் முறை. பிளஸ் டூ வகைக்கெழுவும் கொஞ்சம் அணியும் தெரிந்தால் போதும். பின்னே ஏன் தடுக்குகிறது? குறியீடுகளின் சரித்திரத்தில் இருக்கிறது காரணம்.

1981-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் புரூஸ் லூக்காஸும் டகேயோ கனடேயும் இரட்டைக் கேமராப் படங்களைப் பொருத்துவதற்கு ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு படம் எஃப், மற்றது ஜி, நகர்ந்த தூரம் எச். நகர்வு சிறிது என்று வைத்துக்கொண்டு டெய்லர் தொடரின் முதல் படியோடு நின்றார்கள். ஒரு பரிமாணத்தில், வெளிச்ச வித்தியாசத்தைச் சரிவால் வகுத்தால் எச் கிடைக்கும். அந்த அளவு படத்தை நகர்த்தி, விடை நிலைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

ஆனால் படத்தில் இரண்டு திசை உண்டே! கதவிடுக்கு வழியே வெறுங்கரைப் புடவை ஒன்றைப் பாருங்கள். கரையின் வாக்கில் இழுத்தால் நகர்ந்ததே தெரியாது. முந்தானை மூலை கண்ணில் பட்டால்தான் தெரியும். புள்ளியைச் சுற்றியுள்ள சிறு ஜன்னலில் சரிவுகளின் பெருக்கங்களைக் கூட்டி வரும் 2x2 அணி, தெரிவது கரையா மூலையா என்று சொல்லிவிடும்.

1991-இல் டொமாசியும் கனடேயும் எழுதிய அறிக்கையில் இந்த அணிக்குப் பெயர் ஜி! படங்கள் ஐ, ஜே ஆகிவிட்டன. நகர்வு டி ஆயிற்று. தூரமாக இருந்த எச், இங்கே இரு படங்களின் வெளிச்ச வித்தியாசம். இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவன் குழம்பாமல் என்ன செய்வான்?

1994-இல் ஷியும் டொமாசியும் அதே அணியை இசட் என்றார்கள். அதன் இரண்டு ஐகன் மதிப்புகளில் சிறியதும் போதிய அளவு பெரிதாக இருந்தால்தான் நல்ல புள்ளி என்பது அவர்கள் கணக்கு.

1997-இல் ஸ்டான் பர்ச்ஃபீல்ட் ஒரு சிறு குறிப்பில் இந்தச் சமன்பாட்டைப் படிப்படியாகத் தருவித்தார். நகர்வை ஒரே படத்தின் தலையில் கட்டாமல், ஆளுக்குப் பாதி என்று இரண்டுக்கும் பங்கு போட்டார். எனக்கு மிகவும் பிடித்த தருவிப்பு இதுதான்.

2004-இல் பேக்கரும் மாத்யூஸும் 20 ஆண்டு வேலைகளை ஒரே குறியீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே அணியின் வேலையைப் பார்ப்பது யார் தெரியுமா? பெரிய எழுத்து எச்!