மார்பக மறுசீரமைப்பு அறுவை

புற்றுநோய்க்காக மார்பகத்தை முழுமையாகவோ பகுதியாகவோ நீக்கிய பின், உடலின் வேறு இடத்துத் திசுவைக் கொண்டோ செயற்கைப் பை வைத்தோ அதன் வடிவத்தை மீண்டும் உண்டாக்குவது மார்பக மறுசீரமைப்பு அறுவை. மார்பகத்தை எடுக்கும் அதே மயக்கத்தில் இதைச் செய்வதுண்டு. சிகிச்சையெல்லாம் முடிந்து ஆண்டுகள் கழித்துச் செய்வதும் உண்டு. பால் சுரக்கும் திறன் இதனால் திரும்பாது. தொடுவுணர்வும் பெரும்பாலும் முழுமையாக வராது. இதன் வரலாற்றைக் கருவிகள் வளர்ந்த கதையாகச் சொல்வது வழக்கம். ஆனால் இதற்கு வேண்டிய முக்கியமான திசு மடல் ஒன்று, அதாவது இரத்த ஓட்டத்தோடு இடம் மாற்றும் திசுத் துண்டு, 1906இலேயே அச்சில் வந்துவிட்டது. அது பல பத்தாண்டுகள் கிடப்பில் கிடந்ததற்கு அறுவை மருத்துவர்களின் அச்சமே முதற்காரணம்.

முதல் முயற்சியாகக் கொள்ளப்படுவது ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் வின்சென்ஸ் செர்னி செய்து 1895இல் வெளியிட்ட அறுவை. நோயாளி ஒரு மேடைக் கலைஞர். மார்பகத்தில் இருந்த கட்டியை, அது புற்று அல்ல, அகற்றியதும் இரு பக்கமும் ஒத்துப்போகாத நிலை வந்தது. அவர் முதுகின் கீழ்ப்புறத்தில் ஒரு கொழுப்புக்கட்டி இருந்தது. செர்னி அதை எடுத்து வெற்றிடத்தில் வைத்துத் தைத்தார். ஒரு பெண்ணின் தோற்றமும் தொழிலும் மருத்துவரின் பொறுப்பில் சேரும் என்று அவர் கருதியதே, அந்தக் கொழுப்புக்கட்டியை விடவும் நினைவுகூரத் தக்கது.

அடுத்து வந்த அரை நூற்றாண்டை ஆண்டவர் அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட். மார்பகம், அதன் மேல்தோல், அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குள் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் தீவிர அறுவையை அவர் நிலைநாட்டினார். 1894இல் அவர் வெளியிட்ட 50 நோயாளிகளின் கணக்கில், அறுத்த இடத்திலேயே நோய் திரும்பியது ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்குத்தான். அதே காலத்து ஐரோப்பிய மருத்துவமனைகளில் பாதிப் பேருக்கு மேல் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டி முற்றிப் புண்ணாகிய பிறகே பெண்கள் மருத்துவரிடம் வந்த காலம் அது என்பதால், இது சிறிய சாதனை அல்ல. ஆனால் அறுத்த இடத்தைத் தடித்த திசுவால் மூடினால் அடியில் நோய் திரும்புவது தெரியாமல் போகும் என்று அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கை அவருடைய சீடர்களிடம் கட்டளையாகவே மாறிவிட்டது. விலா எலும்பு துருத்தித் தெரியும் மார்போடும் வீங்கிய கையோடும் பெண்கள் வீடு திரும்பினார்கள். உயிர் பிழைத்ததே போதாதா என்ற கேள்விக்கு முன் அவர்கள் வாய் திறக்க முடியவில்லை.

இத்தாலியின் பாவியா நகரில் இகினியோ தான்சினி வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். முதுகுத் தோலைப் பிரித்து முன்னால் திருப்பி அறுத்த இடத்தை மூடினால், மடலின் நுனி கறுத்து அழுகிப் போவதைக் கண்டார். தோலுக்கு இரத்தம் அடியிலுள்ள முதுகின் அகன்ற தசை வழியாக வருகிறது என்பதை உணர்ந்து, தசையையும் இரத்தக் குழாயையும் சேர்த்தே திருப்பினார். மடல் பிழைத்தது. 1906இல் அதை வெளியிட்டார். மார்பை மூடுவதே அவர் நோக்கம். வடிவம் கொடுப்பது அல்ல. ஆனாலும் இன்று ‘லட்டிசிமஸ் ஃப்ளாப்’ என்று மருத்துவர்கள் சொல்வது இதே மடல்தான். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் புழங்கிய இந்த முறை, ஹால்ஸ்டெட்டின் செல்வாக்கில் மறைந்து, 1970களின் நடுவில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் புதிய வழி போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக ஹரால்ட் கில்லிஸ் 1917இல் இங்கிலாந்தில் குழாய் மடலைக் கையாண்டார். தோலை நீளப் பட்டையாகப் பிரித்து, இரு முனைகளும் உடலோடு ஒட்டியிருக்க, ஓரங்களைச் சேர்த்துத் தைத்தால் அது பெட்டியின் கைப்பிடி போல நிற்கும். சில வாரம் கழித்து ஒரு முனையை வெட்டி மேலே ஒட்டுவார்கள். அங்கே இரத்தம் ஓடத் தொடங்கியதும் மறுமுனையை விடுவிப்பார்கள். பிற்காலத்தில் கில்லிஸ் வயிற்றுத் திசுவை இப்படிப் படிப்படியாக மார்புக்கு ஏற்றி மார்பகம் அமைத்தார். பல அறுவைகள், பல மாதங்கள், உடலெங்கும் தழும்புகள். விரும்பி ஏற்றவர்கள் மிகச் சிலரே.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் க்ரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் 1962இல் முதல் சிலிக்கோன் பையை வைத்தது மார்பகத்தைப் பெரிதாக்கவே. புற்றுநோயாளிகளுக்கு அது வர 1971 ஆனது. அதே ஆண்டில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் தொடங்கிய பெரிய ஆய்வு, தசையையும் சேர்த்து எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டியது. மிலானில் உம்பர்ட்டோ வெரோனேசி, தொடக்க நிலையில் மார்பகத்தின் ஒரு பகுதியை எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலே போதும் என்று நிறுவினார். பிளாஸ்டிக் சர்ஜன்களின் திறமையை விட இந்த ஆய்வுகளே மறுசீரமைப்புக்குக் கதவைத் திறந்தன என்பேன். தோலும் தசையும் மிஞ்சினால்தானே அவற்றைக் கொண்டு எதையும் கட்ட முடியும்?

மிஞ்சிய தோல் போதாதபோது உதவ வந்தது திசு விரிப்பான். செடோமிர் ராடோவான் இதைப் பற்றிய தம் அனுபவத்தை 1982இல் வெளியிட்டார். தசைக்கு அடியில் வெறும் பையை வைத்து, வாராவாரம் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள். தோல் மெல்ல மெல்ல விரிந்து இடம் கொடுக்கும். ஏற்றிய ஓரிரு நாள் மார்பு இறுகி வலிக்கும். போதிய அளவு விரிந்ததும் அதை எடுத்துவிட்டு நிலையான பையை வைப்பார்கள்.

அதே 1982இல் அட்லாண்டாவின் கார்ல் ஹார்ட்ராம்ஃப் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வயிற்று நேர்த்தசையோடு சேர்த்து மேலே திருப்பினார். சொந்தத் திசு என்பதால் இயல்பாகத் தொங்கியது. எடை கூடினால் தானும் கூடியது. ஆனால் தசையை இழந்த வயிற்றுச் சுவர் பலவீனமாகி, சிலருக்குக் குடலிறக்கம் வந்தது. ஜப்பானின் இசாவோ கோஷிமா 1989இல் தசையை விட்டுவிட்டு, அதைத் துளைத்துவரும் சிறு குழாய்களை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்று காட்டினார். நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஆலன் 1990களின் தொடக்கத்தில் அதை மார்பகத்துக்குக் கொண்டுவந்தார். ‘டீப்’ மடல் என்று அறியப்படுவது இதுவே.

இந்த அறுவையில் வயிற்று மடலை உடலிலிருந்து முழுமையாகப் பிரித்துவிடுகிறார்கள். பிறகு நுண்ணோக்கியின் கீழ், இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாய்களை, விலாவுக்கு அடியில் ஓடும் குழாய்களோடு முடியை விட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். குழாய்களை அடைத்திருந்த கவ்வியை எடுத்ததும் வெளிறிக் கிடந்த மடல் சிவக்க வேண்டும். முதல் இரவு முழுக்கச் செவிலியர் மணிக்கொரு தடவை வந்து மடலைத் தொட்டுச் சூடு பார்ப்பார். விரலால் அழுத்தி நிறம் திரும்புகிறதா என்று கவனிப்பார். நீலம் பாய்ந்தால் சிரையில் அடைப்பு. உடனே மீண்டும் அறுவை அரங்குக்கு அழைத்துச் செல்ல வேண்டியதுதான்.

சிலிக்கோன் பையின் வரலாறு சீராகப் போகவில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992இல் அதைக் கட்டுப்படுத்தியது. புற்றுநோயாளிகளின் மறுசீரமைப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் ஆய்வு நிபந்தனையோடு இடம் விட்டது. மூட்டு, இணைப்புத் திசு நோய்களோடு தொடர்புக்கு வலுவான சான்று இல்லை என்று தெரிந்தபின் 2006இல் மீண்டும் அனுமதித்தது. 2010இல் ஃபிரான்ஸின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைச் சிலிக்கோனைப் பைகளில் நிரப்பியது அம்பலமானது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி அரிதாக ஒருவகை நிணநீர்ப் புற்று வருவது தெரிந்து, 2019இல் அலர்கன் நிறுவனம் அத்தகைய பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஒரு புற்றிலிருந்து மீண்டவருக்கு இன்னொரு புற்றின் அச்சத்தைக் கொடுத்த இந்த நிகழ்வு, பை வைக்குமுன் எல்லா விவரமும் நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதை எவராலும் மறுக்க முடியாததாக்கியது. கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பையைச் சுற்றியுள்ள திசு இறுகிக் கெட்டிப்படும் வாய்ப்பு அதிகம் என்பதும் அவ்விவரங்களில் ஒன்று.

அமெரிக்காவில் 1998இல் வந்த சட்டம், மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்புக்கும், இரு பக்கமும் ஒத்திருக்கும்படி மற்ற மார்பகத்தைத் திருத்துவதற்கும் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

மறுசீரமைப்பு வேண்டாம் என்ற குரலும் இந்த வரலாற்றைச் சேர்ந்ததே. கவிஞர் ஆட்ரி லார்ட் 1980இல் வெளியிட்ட தம் புற்றுநோய்க் குறிப்புகளில், செயற்கை மார்பகம் அணியச் சொல்லி வந்த வற்புறுத்தலைக் கடுமையாக எதிர்த்தார். பிற்காலத்தில், தட்டையாக இருப்பதையே தேர்ந்த பெண்கள், மிகுந்த தோலைத் தொங்கவிடாமல் சீராகத் தைத்துத் தரும்படி கேட்டுப் போராடினார்கள். பின்னால் மனம் மாறக்கூடும் என்று கருதி, நோயாளியிடம் சொல்லாமலே தோலை மிச்சம் வைத்த மருத்துவர்களும் இருந்தார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2020இல் இந்தச் சீரான தட்டைத் தையலைத் தன் மருத்துவ அகராதியில் தனி அறுவையாகச் சேர்த்தது.