நீலத்துக்குக் காத்திருந்த முப்பது வருடம்

நேற்று வீட்டில் மிச்சமிருந்த கடைசி குண்டு பல்பையும் கழற்றி எல்.இ.டி. மாட்டினேன். 60 வாட் இருந்த இடத்தில் 9 வாட். "உங்க சின்ன வயசுல இது இருந்துச்சா தாத்தா?" என்றான் பேரன்.

இருந்தது, சிவப்பாக! 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்தது. பொட்டு விளக்குக்குத்தான் ஆகும். அதில் படிக்க முடியுமா? வெள்ளைக்கு நீலம் வேண்டும். நீல ஒளி மஞ்சள் பாஸ்பரில் பட்டுத்தான் நம் வீட்டு வெளிச்சமாகிறது. அந்தப் பிரகாசமான நீலம் 1993-இல்தான் ஜப்பானில் நக்கமுரா கையில் கைகூடியது. கம்பெனி கொடுத்த வெகுமதி 20,000 யென்னாம் (நம் வாத்தியார் இன்கிரிமென்ட் மாதிரி!). மனிதர் விடவில்லை, வழக்குப் போட்டார். 2005-இல் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசம். 2014-இல் அகசாகி, அமானோ இருவரோடு நோபல் பரிசும்.

சொல்லி முடிப்பதற்குள் பேரன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டான். அதுவும் எல்.இ.டி.தான்.