சிவப்புக்காது ஆமைக்கான தொட்டி
அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த சிவப்புக்காது ஆமை, கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும். வளர்ந்தபின் ஓடு மட்டும் 25 செ.மீ. வரை நீளும். ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்போர் கைக்கணக்கு. சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அடைப்பது கொடுமை. தண்ணீர் 24–28 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஆமை முழுதாக ஏறி உடலை உலர்த்த ஒரு மேடையும், அதன்மேல் வெப்ப விளக்கும் புற ஊதா-பி விளக்கும் தேவை. பின்னங்கால்களை நீட்டி, விரலிடைச் சவ்வை விரித்து அது காய்வது அங்கேதான். சன்னல் வெயில் போதாது: கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும், வைட்டமின் டி3 குறைந்து ஓடு மென்மையாகிவிடும். உண்பதும் கழிப்பதும் நீரிலேயே என்பதால், மீன் தொட்டிக்கு வைப்பதைப்போல் இருமடங்கு திறனுள்ள வடிகட்டி வேண்டும். விழுங்கக்கூடிய சிறு கூழாங்கற்கள் ஆகாது.