மணல் வரைந்த மிருதங்கம்

திருச்சியில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கத் தீவு. அதன் கிழக்குப் பக்கம் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்தது இங்கேதான், அம்மாவைப் பெற்ற தாத்தா வீட்டில். ராமன் என்றாலே நமக்கு ஒளிதான் ஞாபகம் வரும். ஆனால் அவரை முதலில் பிடித்துக்கொண்டவற்றில் ஒன்று ஒலி. அப்பா வயலின் வாசிப்பவர்.

ஒலியைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும்னு ஜெர்மானியர் கிளாட்னி 1787இல் வெளியிட்ட நூலில் காட்டினார். உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுக்க வேண்டும். ஆடும் இடத்தை விட்டு ஓடும் மணல், ஆடாத கோடுகளில் போய்த் தங்கிவிடும்.

இதே வித்தையை ராமன் மிருதங்கத் தோலில் செய்து பார்த்தார். சாதாரண முரசில் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. சத்தம் உண்டு, சுருதி இல்லை. மிருதங்கம் அப்படியில்லை என்று 1920இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல், அதே வருஷம் தான் தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் இதழில், மணல் படங்களோடு விரிவாக எழுதினார். குறுக்கே ஒரு கோடு, பெருக்கல் குறி மாதிரி இரண்டு கோடுகள், ஒரு வட்டம். விவரம் தெரியாமல் பார்ப்பவர் நவீன ஓவியம் என்றே நினைப்பார். ஒன்பது விதமான அதிர்வுகள் ஐந்தே சுரங்களில் அடங்கிவிடுகின்றன. அவற்றின் விகிதம் 1:2:3:4:5.

இதற்குக் காரணம் வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம். சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாக அப்பி, ஒவ்வொரு அடுக்கையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். எங்கே நிறுத்தணும்னு சொல்வது காது மட்டும்தான்.

அந்தக் காதுக்குச் சொந்தக்காரர்களில் பலர் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தார். வாசித்தவர் பெயர் மேடையில் நின்றது, ஆராய்ந்தவர் பெயர் கட்டுரையில் நின்றது. செய்தவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' புத்தகம் வந்தது 2020இல். ராமனின் மணல் படங்களை இனிப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்: மணல் அந்தக் கோடுகளில் ஒழுங்காகப் போய் நின்றதற்கு, சோறு வைத்த ஒரு கையும் காரணம்.