குதிரையும் மந்திரியும்

சதுரங்கத்தில் குதிரை வலிதா, மந்திரி வலிதா என்னும் ஐயம் உங்களுக்கு எழுந்திருக்கும். விடை காணச் சிறிது வரலாற்றை நோக்குவோம்.

இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் அரசு வீற்றிருந்த காலம் அது. ஏறத்தாழ 1030-ஆம் ஆண்டில் அல்பிரூனி என்னும் பேரறிஞர் இந்தியாவைப் பற்றி நூலொன்று இயற்றினார். இந்தியர் ஆடிய ஒருவகைச் சதுரங்கத்தையும் அதில் விவரித்தார். அவ்வாட்டத்தில் யானைக்காய் முன்னே ஒரு கட்டமோ, மூலைவாட்டில் ஒரு கட்டமோ செல்லும். அரபு நாட்டு ஆட்டத்திலோ யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும்; ஆதலின் 64 கட்டங்களுள் 8 மட்டுமே அதற்கு எட்டும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியர் அக்காய்க்கு மூலைவாட்டில் நெடுந்தூரம் செல்லும் உரிமை தந்தனர். அதனையே நாம் இன்று மந்திரி என்கிறோம். குதிரையின் நடையோ அன்றிருந்தவாறே இன்றும் உள்ளது.

பலகையின் நடுவில் நிற்கும் மந்திரிக்கு 13 கட்டங்கள் வசப்படும். குதிரைக்கு 8 மட்டுமே. ஆயினும் மந்திரி ஒரே நிறக் கட்டங்களுக்கு அடிமை. குதிரையோ நகருந்தோறும் நிறம் மாறி, எல்லாக் கட்டங்களையும் காலப்போக்கில் எட்டும். வெளி திறந்திருந்தால் மந்திரி ஓங்கும். காலாட்கள் வழியடைத்து நின்றால் குதிரை ஓங்கும்.

இரு சான்றுகள் காட்டுவேன். 1971-இல் வான்கூவர் நகரில் பாபி ஃபிஷர், தைமானவின் குதிரையை மந்திரியால் வென்றார். எதிரியின் அரசனும் குதிரையும் நல்ல நகர்த்தலின்றித் திகைத்தபோது, ஃபிஷர் தம் மந்திரியையே பலியிட்டு, அரசனை உள்ளே நடத்திக் காலாட்களைக் கவர்ந்தார். 1984-இல் மாஸ்கோவில், உலகப் பட்டத்துக்கான ஒன்பதாம் ஆட்டத்தில் நேர்மாறு நிகழ்ந்தது. காஸ்பரவின் காலாட்கள் அவருடைய மந்திரியின் நிறத்துக் கட்டங்களிலேயே நின்று அதன் வழியை அடைத்தன. கார்ப்பவ் தம் 47-ஆம் நகர்த்தலில், எதிரியின் காலாளைத் திருப்பி வெட்டாமல் குதிரையை நகர்த்தினார். ஒரு காலாளை இழந்து அரசனுக்கும் குதிரைக்கும் வழி திறந்தார், வெற்றியும் பெற்றார்.

இன்னொன்றும் கேளுங்கள். இரு மந்திரிகளைத் தனிக் குதிரை ஒரு குறிப்பிட்ட அரணில் நின்று தடுத்துவிடும் என்று 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் என்னும் இருவர் எழுதினர். ஏறத்தாழ 130 ஆண்டுகள் உலகம் அதனை நம்பியது. 1980-களில் கென் தாம்சன் கணிப்பொறியால் எல்லா நிலைகளையும் ஆராய்ந்தார். அவ்வரண் தகர்க்கத்தக்கதே என்றும், சில நிலைகளில் வெற்றிக்கு 66 நகர்த்தல்கள் வரை வேண்டும் என்றும் தெளிவாயிற்று.

எனவே, மாணவர்களே! காய்களை மாற்றிக்கொள்ளுமுன் காலாட்களின் அணிவகுப்பை நோக்குங்கள். பெரியோர் கூற்றாயினும் பலகையில் வைத்துச் சோதித்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள்.